லிக்னின் கூடினால் நார் விறைக்குமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கிறேன். ஒவ்வொரு நாரிலும் செல்லுலோஸ் எவ்வளவு, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் எவ்வளவு என்று பாடநூலில் ஓர் அட்டவணை இருக்கிறது. லிக்னின் கூடினால் நார் விறைப்பாகும் என்றும் படித்தேன். ஆனால் லிக்னின் மிகுந்த தேங்காய் நார், இழுத்தால் நன்றாக நீள்கிறது. லிக்னின் மிகக் குறைந்த ஆளி நாரோ (லினன் துணி நெய்யும் நார்) நீளாமல் அறுந்துவிடுகிறது. அட்டவணை தவறா?

எம்.

அன்புள்ள எம்.,

அட்டவணை சரிதான். ஆனால் நாரின் செல் சுவர் எதனால் ஆனது என்று மட்டுமே அது சொல்கிறது. உள்ளே இருப்பவை எந்தத் திசையில் கிடக்கின்றன என்பதைச் சொல்வதில்லை. உங்கள் கேள்விக்கு விடை அந்தத் திசையில் இருக்கிறது.

செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் வரிசையாகக் கோத்த நேரான சங்கிலி. பல சங்கிலிகள் பக்கம் பக்கமாக ஒட்டி, ஏறக்குறைய 3 நானோமீட்டர் தடிமனுள்ள நுண்ணிழையாகின்றன. நீளவாக்கில் இழுத்தால் அது அசைந்து கொடுக்காது. ஹெமிசெல்லுலோஸ் என்ற வேறுவகைச் சர்க்கரைச் சங்கிலி அதைச் சுற்றிப் படர்கிறது; லிக்னின் இடைவெளிகளை நிரப்புகிறது.

இந்த நுண்ணிழைகளை இடும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். செல்லின் சவ்வில் இருக்கும் நொதிக் கூட்டங்கள் சங்கிலியை வெளியே தள்ளியபடியே நகர்கின்றன. சவ்வுக்கு உள்பக்கம் உள்ள நுண்குழல்கள் அவற்றின் பாதையைத் தீர்மானிக்கின்றன. ஆக, நுண்ணிழைகள் சாய்ந்து கிடக்கும் கோணம் தற்செயலாக அமைவதல்ல, செல்லே வகுத்துத் தருவது.

செல் வளர்ந்து முடித்ததும், மெல்லிய முதல் சுவருக்கு உள்ளே தடித்த இரண்டாம் சுவர் படிகிறது. பல நார்களில் இதற்கு மூன்று அடுக்குகள் உண்டு. அவற்றில் நடு அடுக்கே மிகத் தடிமன். நாரின் குணத்தைப் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது. அங்கே நுண்ணிழைகள் செல்லின் நீள அச்சைச் சுற்றிச் சுருளாக ஏறுகின்றன.

ஆளி நாரில் நீள அச்சிலிருந்து அந்தச் சுருளின் சாய்வு சுமார் 10 டிகிரி அல்லது அதற்கும் குறைவு. இழுவை நேராகச் செல்லுலோஸின் மேல் விழுவதால், 2–3 சதவீதம் நீள்வதற்குள் அறுந்துவிடும். தேங்காய் நாரில் சாய்வு ஏறக்குறைய 45 டிகிரி. இழுக்கும்போது சுருள் ஸ்பிரிங் போல நிமிர்கிறது, இடையிலுள்ள லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும் நெகிழ்ந்து கொடுக்கின்றன. அதனால் 30 சதவீதம் வரைகூட நீள முடிகிறது. சந்தேகம் இருந்தால் சணலைப் பாருங்கள். அதில் ஆளியைவிட லிக்னின் அதிகம், சுமார் 12 சதவீதம். ஆனால் சாய்வு ஏறக்குறைய 8 டிகிரிதான். அதுவும் ஆளியைப் போலவே கொஞ்சம் நீண்டு அறுந்துவிடும்.

அப்படியானால் லிக்னினுக்கு என்ன வேலை? அழுத்தத்தைத் தாங்குவது, தண்ணீரையும் நுண்ணுயிர்களையும் தடுப்பது, செல்களை ஒன்றோடொன்று ஒட்டுவது. நாம் கையில் எடுக்கும் ஒரு தேங்காய் நார் ஒரே செல் அல்ல. சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள செல்கள் பல சேர்ந்த கட்டு. அந்தக் கட்டு பிரியாமல் இருக்க லிக்னின் வேண்டும். ஆளிச் செல்லோ சில சென்டிமீட்டர் நீளம் வரை வளரும்.

உங்கள் அட்டவணையில் கோணத்துக்கு ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். துல்லியமாக அளக்க எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு முறை இருக்கிறது. உங்கள் ஆய்வகத்தில் அந்த வசதி இல்லையென்றால், நல்ல நுண்ணோக்கியில் செல் சுவரிலுள்ள பிளவு வடிவக் குழிகளைத் தேடுங்கள். பிளவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, நுண்ணிழைகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

அன்புடன்