பல்கலைக்கழக மாணவர்களைப் பொதுமக்களுக்கான இணைய ஆவணப் பணிகளில் எப்படிச் சேர்ப்பது?

யாழ்ப்பாணத்தில் மாணவர்களோடு இந்த வேலையைச் செய்துவரும் விரிவுரையாளர் என்ற முறையில் சொல்கிறேன்: விக்கிப்பீடியாவில் எழுதுவது போன்ற வேலையை ஒப்படையாக, அதாவது புள்ளி பெறும் பாடப் பயிற்சியாகக் கொடுங்கள். தொண்டு என்று கூப்பிட்டால் பரீட்சை நெருங்க ஆட்கள் கழன்றுவிடுவார்கள். புள்ளியும் வேண்டும், செய்தவர் பெயரும் வெளியே தெரியவேண்டும். யார் எந்த வரியைச் சேர்த்தார் என்று விக்கிப்பீடியாவின் பக்க வரலாறே காட்டும் என்பதால், குழுவேலைக்குப் புள்ளியிடுவதும் சுலபம்.

அப்புறம், தலைப்பைச் சின்னதாக வையுங்கள். 'யாழ்ப்பாணப் பண்பாடு' என்று கொடுத்தால் நாலு புத்தகத்தைப் பார்த்து எழுதிவிடுவார்கள். ஊரிலுள்ள ஒரு கேணி, தலைச்சுமையை இறக்கிவைக்கும் ஒரு சுமைதாங்கி, தெருவின் மேலே கூரையோடு நிற்கும் பருத்தித்துறைத் தெருமூடிமடம் என்று கொடுத்துப் பாருங்கள். சுமைதாங்கி என்றால் எந்த ஒழுங்கையில் நிற்கிறது, எவ்வளவு உயரம், எழுத்து ஏதும் வெட்டியிருக்கிறதா, யார் நினைவாகக் கட்டியது? பிள்ளை வயிற்றோடு இறந்த பெண்ணின் நினைவாகக் கட்டும் வழக்கம் இருந்ததால், பக்கத்து வீட்டில் விசாரித்தாலே ஒரு குடும்பத்தின் கதை வந்துவிடும்.

அந்தக் கதையை அப்படியே விக்கிப்பீடியாவில் எழுத முடியாது. ஏற்கெனவே வெளியான சான்று கேட்பார்கள். உடனே பிள்ளைகள் கும்பாபிஷேக மலர், பாடசாலை மலர், இறந்தவரின் 31ஆம் நாளுக்கு அச்சிடும் 'கல்வெட்டு' என்ற நினைவுமலர் என்று வீடுவீடாகத் தேடத் தொடங்குவார்கள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். 1981இல் பொதுநூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களை எரியக் கொடுத்த ஊர் இது. அலுமாரியில் தூசி படிந்து கிடக்கும் மலர், அதன் கடைசிப் பிரதியாகவும் இருக்கலாம். உரியவர்களிடம் அனுமதி வாங்கி ஸ்கான் செய்து, 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலக இணையத்தளம் போன்ற இடத்தில் சேர்த்தால் ஊருக்கே பயன். வாயால் கேட்டதை ஒலிப்பதிவாகத் தனியே வைக்கவேண்டும். எது எங்கே சேரும் என்று பிரிக்கத் தெரிந்த மாணவருக்கு ஆய்வுமுறை பாதி வந்துவிட்டது.

ஒலிப்பதிவில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். கிணற்றைப் பற்றிக் கேட்கப்போன பிள்ளையிடம் ஆச்சி, போரால் ஊரைவிட்டு வெளியேறிய 1995 இடப்பெயர்வைச் சொல்லத் தொடங்குவார், காணாமற்போன மகனைப் பற்றியும் சொல்வார். அந்த இடத்தில் போனில் பதிவை நிறுத்திவிட்டு, "ஆச்சி, இதையும் பதியலாமோ?" என்று கேட்கவேண்டும். இணையத்தில் ஏற்றுமுன் இன்னொரு நாள் போய், பதிந்ததை அவருக்குப் போட்டுக் காட்டி மறுபடியும் கேட்கவேண்டும். வேண்டாம் என்றால் அழித்துவிடவேண்டும். அதனால் மாணவருக்குப் புள்ளி குறையாது என்பதை ஒப்படைத் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.