அமெரிக்க நீதிமன்றங்களும் நிறப் பாகுபாடும்: கேள்வி பதில்

கேள்வி: கறுப்பினத்தவரைத் தனியாக வைக்கலாம் என்று நீதிமன்றமே சொன்னதா சார்?

பதில்: சொன்னது. லூசியானாவில் வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் ஹோமர் பிளெஸ்ஸி வேண்டுமென்றே ஏறிக் கைதானார். அந்தச் சட்டத்தைக் கோர்ட்டுக்கு இழுப்பதே திட்டம். 1896இல் உச்ச நீதிமன்றம், வசதிகள் சமமாக இருந்தால் பிரித்து வைப்பது தவறில்லை என்றது. பிரித்தார்கள், சமம் மட்டும் வரவில்லை.

கேள்வி: பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்ற 1954 பிரவுன் தீர்ப்போடு அது ஒழிந்ததுதானே?

பதில்: எங்கே! தீர்ப்பு வந்தது, கெடு வரவில்லை. விர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி), கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிட மேல் என்று 1959இல் அரசுப் பள்ளிகளையே மூடிவிட்டது. பத்து வருடம் கழித்தும் தெற்கு மாநிலங்களில் வெள்ளையரோடு படித்த கறுப்பின மாணவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 1964 சிவில் உரிமைச் சட்டம், பாகுபாடு காட்டினால் மத்திய அரசின் நிதியை நிறுத்தலாம் என்றது. அப்புறம்தான் பள்ளிகள் அசைந்தன. என்னைக் கேட்டால், தீர்ப்பைவிடப் பணத்துக்குத்தான் பயந்தார்கள்.

கேள்வி: அண்ணா, நம் இந்தியர்களை எதில் சேர்த்தார்கள்?

பதில்: அது பெரிய கூத்து தம்பி. அப்போது வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும்தான் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற முடியும். 1922இல் ஒசாவா என்ற ஜப்பானியர் கேட்டார். வெள்ளையர் என்றால் காகேசிய இனம் (ஐரோப்பியரை அன்றைய அறிஞர்கள் சேர்த்த இனப் பிரிவு), தோல் நிறத்தை வைத்து அல்ல என்று மறுத்தார்கள். சில மாதங்களில் இந்தியரான பகத் சிங் திண்டின் வழக்கு வந்தது. அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அறிஞர்களே எங்களைக் காகேசியர் என்கிறார்களே என்று வாதம். உடனே கோர்ட் பல்டி அடித்தது: அறிஞர் சொல்வதை விடு, சாதாரண மனிதன் உன்னை வெள்ளையன் என்பானா? இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, சதர்லேண்ட். ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலர் அதை இழந்தார்கள். 1946 சட்டம் வரும்வரை கதவு திறக்கவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. வெள்ளையர், மற்றவர் என்று பிரிக்கும் கோடே வேண்டாம் என்று திண்ட் தரப்பு சொல்லவில்லை. உயர்சாதி, ஆரிய ரத்தம் என்று காட்டி, அவரை அந்தக் கோட்டின் வெள்ளையர் பக்கம் நிறுத்தச் சொன்னது.

கேள்வி: கலப்புத் திருமணம்?

பதில்: வெள்ளையர் வேறு இனத்தவரை மணக்கக் கூடாது என்று பல மாநிலங்களில் தடை இருந்தது. 1967 லவிங் தீர்ப்பில் அது செல்லாது ஆனது. அலபாமா தன் அரசியலமைப்பிலிருந்து அதை நீக்கியது 2000இல். அதற்கும் ஐந்தில் இரண்டு பேர் எதிராக வாக்களித்தார்கள்.

கேள்வி: கிடைத்த உரிமையை நீதிமன்றம் திரும்பப் பறிக்குமா?

பதில்: பறிக்கும். பாகுபாடு காட்டிய வரலாறுள்ள மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்ற முன்அனுமதி வாங்க வேண்டும் என்றது 1965 வாக்குரிமைச் சட்டம். யாருக்கு அது பொருந்தும் என்ற பிரிவை 2013இல் ஷெல்பி கவுன்ட்டி வழக்கில் ரத்து செய்தார்கள். அதுவரை அந்த அனுமதி கிடைக்காமல் முடங்கிக் கிடந்த வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை அமலாக்கப் போவதாக அதே நாளில் டெக்சாஸ் அறிவித்தது.