கட்டாயம் என்ற ஒரு சொல்

கேள்வி: பிரிட்டனின் ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டை வீரர்களான டைசன் ஃப்யூரிக்கும் ஆண்டனி ஜோஷுவாவுக்கும் இடையிலான சண்டை நடக்குமா, நடக்காதா? அலுவலக கேன்டீனில் நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பல மாதங்களாக வாதாடுகிறோம். "கட்டாயம் நடக்கும்" என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். நீங்கள் எந்தக் கட்சி?
– ஒரு வாசகர், மயூர் விஹார், டெல்லி

பதில்: உங்கள் நண்பர் வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் ஒரு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன். அவர் 'கட்டாயம்' என்று சொல்லிவிட்டார். இந்தச் சண்டையை இத்தனை ஆண்டுகள் நடக்கவிடாமல் செய்ததில் பெரும்பங்கு அந்தச் சொல்லுக்கு உண்டு என்பதால், அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒரே எடைப் பிரிவுக்கு டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நான்கு அமைப்புகள் தனித்தனியே உலகப் பட்டமும் அதற்கு அடையாளமாக இடுப்பில் கட்டும் பெல்ட்டும் தருகின்றன. ஒவ்வோர் அமைப்பும் தன் தரவரிசையிலிருந்து ஒருவரைக் 'கட்டாயப் போட்டியாளர்' என்று அறிவிக்கும். குறித்த காலத்துக்குள் அவரோடு மோதாத சாம்பியனின் பட்டத்தைப் பறித்துக்கொள்ளும். 2015 நவம்பரில் டுசல்டார்ஃப் நகரில் சாம்பியன் விளாடிமிர் கிளிட்ச்கோவை வென்று ஃப்யூரி ஐபிஎஃப் உள்ளிட்ட பட்டங்களைப் பெற்றார். மறுபோட்டிக்கு ஒப்பந்தம் இருந்ததால் கிளிட்ச்கோவோடு மீண்டும் மோதுவதாக ஒப்புக்கொண்டார். கிளாஸ்கோவ் என்ற கட்டாயப் போட்டியாளர் காத்திருக்கிறார் என்று காரணம் காட்டி, இரண்டு வாரம் முடிவதற்குள் ஐபிஎஃப் தன் பட்டத்தைப் பிடுங்கியது. அடுத்த ஜனவரியில் கிளாஸ்கோவ் மூன்றாவது சுற்றில் முழங்காலில் அடிபட்டு விழ, பட்டம் சார்ல்ஸ் மார்ட்டினுக்குப் போனது. ஏப்ரலில் மார்ட்டினை இரண்டே சுற்றில் சாய்த்து அதை வாங்கிக்கொண்டவர் வேறு யாருமில்லை, ஜோஷுவாதான். ஃப்யூரியின் இடுப்பிலிருந்த பட்டம் ஐந்து மாதத்துக்குள் ஜோஷுவாவின் இடுப்புக்கு வந்து சேர்ந்தது. இருவரும் ஒரு குத்துகூடப் பரிமாறிக்கொள்ளவில்லை.

2021-ல் நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. இருவரின் சண்டைக்கு இரு தரப்பும் கையெழுத்திட்டுவிட்டதாக மார்ச்சில் அறிவித்தார்கள். ஆகஸ்ட் 14, சவுதி அரேபியா என்று நாளும் இடமும் சொல்லி ஃப்யூரியே மே 16-ல் ஒரு வீடியோ வெளியிட்டார். மறுநாளே, பழைய ஒப்பந்தப்படி அமெரிக்க வீரர் டியோன்டே வைல்டரோடு மூன்றாவது முறை மோதிவிட்டுத்தான் அவர் வேறு சண்டைக்குப் போகலாம் என்று அமெரிக்காவில் ஒரு மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்தப் பக்கம் ஜோஷுவாவைக் கட்டாயப் போட்டியாளரான உக்ரைன் வீரர் ஒலெக்சாண்டர் உசிக்கோடு மோதச் சொல்லி டபிள்யூபிஓ உத்தரவிட்டது. செப்டம்பரில் லண்டனில் அவர் உசிக்கிடம் தோற்று, வைத்திருந்த பட்டங்கள் அத்தனையையும் இழந்தார். அந்த ஆகஸ்ட் 14 அன்று ஃப்யூரிக்கு 33 வயது நிறைந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். அவர் தோல்வியே அறியாதவர். 31 வயது ஜோஷுவா, தம் ஒரே தோல்விக்கும் பழிதீர்த்திருந்தவர். நான் பார்க்க ஆசைப்பட்டது அந்த இருவரின் சண்டையை.

கட்டாயப் போட்டி என்ற விதி இல்லாவிட்டால் சாம்பியன்கள் எளிய ஆட்களாகப் பார்த்துச் சண்டை போட்டுக் காலத்தை ஓட்டிவிடுவார்கள் என்று, நான் இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் சில வாசகர்கள் கோபமாகக் கடிதம் எழுதுகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த விதி நியாயமான பக்கம் நின்றபோதாவது பயன் தந்ததா? 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் ரிடிக் போவை வீழ்த்திய லெனாக்ஸ் லூயிஸ், 1992-ல் சாம்பியனாகிவிட்ட அதே போவுக்குக் கட்டாயப் போட்டியாளராக வந்து நின்றார். போ அவரோடு மோதாமல், லண்டனுக்குப் போய், டபிள்யூபிசி பெல்ட்டைச் செய்தியாளர்கள் முன்னால் குப்பைத் தொட்டியில் போட்டார். தொழில்முறை மேடையில் அந்த இருவரும் கடைசிவரை சந்திக்கவே இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்க்கவிடாமல் செய்யும் விதியை நான் ஏன் ஆதரிக்க வேண்டும்?

2024 மே மாதத்தில் ரியாத்தில் ஃப்யூரியும் உசிக்கும் மோதினார்கள். அதுவும் பிப்ரவரியில் நடக்க வேண்டியது. பயிற்சியில் ஃப்யூரியின் கண்ணுக்கு மேல் கிழிந்ததால் தள்ளிப்போனது. நமக்கு அது அதிகாலை. முதல் நாள் இரவே டிகாக்‌ஷன் இறக்கி வைத்து, ஆர்.கே. புரம் வீட்டில் எல்லோரும் தூங்கும்போது ஒலியைக் குறைத்துவிட்டுத் தனியாகப் பார்த்தேன். ஒன்பதாவது சுற்றில் உசிக்கின் இடக்கை வந்து விழுந்ததும் ஃப்யூரியின் கால்கள் பின்னின. அவ்வளவு பெரிய உடல் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளாடிப் போக, தரையில் விழாமல் அவரைத் தாங்கியவை கயிறுகள்தாம். நடுவர் எட்டு எண்ணி முடித்ததும் மணி அடித்தது. காபி டம்ளர் என் கையிலேயே ஆறிப்போயிருந்தது. உசிக் நான்கு பட்டங்களையும் ஒன்றாக்கினார். ஹெவிவெயிட் பிரிவு இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காணாத காட்சி அது. அடுத்த மாதமே, கட்டாயப் போட்டியை முன்னிட்டு ஐபிஎஃப் பட்டத்தை அவர் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அதைப் பெற்ற டேனியல் டுபுவாவிடம்தான் செப்டம்பரில் வெம்ப்ளியில் ஜோஷுவா ஐந்தாவது சுற்றில் நாக் அவுட் ஆனார்.

1980 ஜனவரி 27 அன்று முகமது அலி இதே டெல்லியில் நம் ராணுவ வீரர் கவுர் சிங்கோடு நான்கு சுற்றுக் காட்சிப் போட்டி ஆடினார். கரோல் பாகில் எங்களோடு இருந்த என் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு வந்தார். குளிருக்குச் சுற்றிய மஃப்ளரைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று, அலியின் இடக்கை எப்படி வந்தது, கவுர் சிங் எப்படிப் பின்வாங்காமல் நின்றார் என்று எங்களுக்குச் செய்து காட்டினார். பிறகு உட்கார்ந்து, "கை அலியின் கைதான்டா, கால் பழைய கால் இல்லை" என்றார். அலிக்கு அப்போது 38 வயது. 1971 மார்ச்சில் நியூயார்க்கில் அலியும் ஜோ ஃப்ரேசியரும், இருவருமே தோல்வி காணாதவர்களாய், ஆளுக்கு 25 லட்சம் டாலர் என்று சமமாகப் பேசிக்கொண்டு 15 சுற்று மோதிய படத்தைப் பார்க்கும்போதெல்லாம் சித்தப்பாவின் அந்த முகம் எனக்கு நினைவுக்கு வரும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஃப்யூரியும் ஜோஷுவாவும் உசிக்கிடம் தலா இரண்டு முறை தோற்றுவிட்டார்கள். இன்று இருவர் இடுப்பிலும் பட்டம் இல்லை. பட்டம் இல்லாததால் கட்டாயப் போட்டியாளர் என்று யாரும் குறுக்கே வந்து நிற்க முடியாது. பணமும் உடம்பும் ஒத்துழைத்தால் போதும். ஆகவே நடக்கும் என்ற கட்சியில்தான் நானும் இருக்கிறேன். ஆனால் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்: 2021-ல் நாம் கேட்ட சண்டை வேறு, இனி வரப்போகும் சண்டை வேறு. அது வரும் இரவில் டிகாக்‌ஷன் இறக்கி வைப்பேன், விழித்திருந்து பார்ப்பேன். முதல் சுற்றில் நான் பார்க்கப்போவது அவர்களின் கைகளை அல்ல, கால்களை.