அளந்தது சரி, அச்சானது தப்பு: ஸ்கேலுக்கும் கோரலுக்கும் நடுவில் நடப்பது என்ன?

கேள்வி: திருமங்கலத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பழைய கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து, "இதே அளவில் வேண்டும்" என்று கேட்பவர்கள் அதிகம். அண்மையில் ஒரு பத்திரிகையை அளந்தேன்: நீளம் 7 இன்ச் 3 நூல், உயரம் 4 இன்ச் 6 நூல். கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளில் 7.3, 4.6 என்று போட்டு சிவகாசிக்கு அனுப்பினேன். வந்தது நீளத்தில் 2 மில்லிமீட்டர், உயரத்தில் 4 மில்லிமீட்டர் குறைவு. கவருக்குள் ஆடுகிறது. ஃபைலில் இருந்த அளவுக்குத்தான் வெட்டினோம் என்கிறார்கள் அச்சகத்தில். ஸ்கேல் மோசமா, நான் அளந்தது தப்பா?

பதில்: ஸ்கேலும் சரி, நீங்கள் அளந்ததும் சரி, அச்சகம் சொல்வதும் சரி. பிசகு நடந்த இடம் நீங்கள் எண்ணைத் தட்டிய பெட்டி. ஒரு இன்ச்சுக்கு 8 நூல். கோரல் கேட்பதோ ஒரு இன்ச்சைப் பத்தாகப் பிரித்த தசம எண். 3 நூல் என்பது 3/8 இன்ச், அதாவது 0.375. நீங்கள் போட்ட 0.3 அதைவிடக் குறைவு. 6 நூல் என்பது 0.75, போட்டது 0.6.

கணக்குப் பாருங்கள். 7.375 இன்ச் என்றால் 187.3 மி.மீ., 7.3 இன்ச் என்றால் 185.4. வித்தியாசம் 1.9. உயரத்தில் 4.75 என்பது 120.65 மி.மீ., 4.6 என்பது 116.84. வித்தியாசம் 3.8. உங்கள் கையில் இருக்கும் பத்திரிகையில் குறைந்திருப்பதும் இதே அளவுதான். இந்தத் தப்புக்கு ஓர் அடையாளம் உண்டு: நூல் ஒன்றுக்கு 0.635 மி.மீ. வீதம் குறைந்துகொண்டே போகும், ஒருபோதும் அதிகமாகாது. முழு இன்ச்சில் முடியும் வேலைகள் சரியாக வந்து மற்றவை மட்டும் சிறுத்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கூடுதலாக வந்தால் வேறு காரணம். இன்ச்சைப் பதினாறாகப் பிரித்த ஸ்கேலில் ஐந்தாவது கோட்டை .5 என்று போட்டால், உண்மையான 0.3125-க்குப் பதில் அரை இன்ச் ஆகிவிடும், கிட்டத்தட்ட 4.8 மி.மீ. அதிகம். அதனால் புது ஸ்கேல் கைக்கு வந்ததும் ஒரு இன்ச்சுக்குள் எத்தனை இடைவெளி என்று எண்ணிவிடுங்கள். எண்ண வேண்டியது கோடுகளை அல்ல, இடைவெளிகளை. 8, 10, 16, 32 என எதுவும் இருக்கலாம். ஒரே ஸ்கேலின் இரண்டு விளிம்புகளில் இரண்டு விதமாகவும் இருக்கும்.

நூல் கணக்கை விட முடியாதவர்கள் இதை எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளலாம்: 1 நூல் .125, 2 நூல் .25, 3 நூல் .375, 4 நூல் .5, 5 நூல் .625, 6 நூல் .75, 7 நூல் .875. அரை நூலுக்கு .0625 கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆனால் எங்கள் கருத்து வேறு. காகித வேலைக்கு இன்ச்சையே விட்டுவிடுங்கள். மில்லிமீட்டரில் அளந்தால் ஸ்கேலில் படித்த எண்ணும் கோரலில் தட்டும் எண்ணும் ஒன்றே. நடுவில் மாற்றல் இல்லை, மாற்றல் இல்லாத இடத்தில் தப்பும் குறைவு. கோரலில் எந்தப் பொருளையும் தேர்ந்தெடுக்காதபோது மேலே வரும் பட்டியில் யூனிட்ஸை மில்லிமீட்டர் என்று வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வாடிக்கையாளர் இன்ச்சில் சொன்னால் 25.4-ஆல் பெருக்கி எழுதுங்கள். ஒரு இன்ச் துல்லியமாக 25.4 மி.மீ.; அதை 25 என்று சுருக்கினால் 7 இன்ச் நீளத்தில் 2.8 மி.மீ. காணாமல் போகும்.

இனி அளக்கும் முறை. பள்ளிப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யக் கோட்டுக்கு முன்னால் சில மில்லிமீட்டர் வெற்று இடம் இருக்கும். ஸ்டீல் ஸ்கேலில் பெரும்பாலும் விளிம்பே பூஜ்யம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் மேசையில் இந்த வெற்று இடம் கணக்கில் புகுந்துவிடும். ஸ்டீல் ஸ்கேலின் முனையும் தேய்ந்து மழுங்கியிருக்கலாம். இரண்டுக்கும் ஒரே வழி: 10 மி.மீ. கோட்டைப் பத்திரிகையின் ஓரத்தில் வைத்து அளந்து, வரும் எண்ணிலிருந்து 10-ஐக் கழியுங்கள். கழிக்க மறப்பவர்கள் 100-லிருந்து தொடங்கட்டும். பத்து மில்லிமீட்டர் தப்பு கண்ணை ஏமாற்றிவிடும், நூறு ஏமாற்றாது.

அடுத்தது பார்வை. தடித்த பிளாஸ்டிக் ஸ்கேலில் கோடு காகிதத்திலிருந்து இரண்டு மூன்று மி.மீ. உயரத்தில் நின்றால், சாய்ந்து பார்க்கும்போது ஒரு மி.மீ. வரை தள்ளித் தெரியும். உட்கார்ந்தபடி மேசையின் எதிர்ப்பக்கத்தை அளக்கும்போது இது கட்டாயம் நடக்கும். எழுந்து, கோட்டுக்கு நேர் மேலே ஒரு கண்ணை வைத்துப் பாருங்கள். அல்லது ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி, கோடுகள் காகிதத்தைத் தொடும்படி வையுங்கள். பார்வைச் சாய்வின் தப்பு அறவே போய்விடும். அரை மில்லிமீட்டர் கோடு உள்ள 300 மி.மீ. ஸ்டீல் ஸ்கேல் ஒன்று வாங்கினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். ஷட்டர் ஓரத்தில் நம்மூர் வெயில் படும்படி அக்ரிலிக் ஸ்கேலை வைக்கவும் வேண்டாம். 20 டிகிரி சூடேறினால் 300 மி.மீ. அக்ரிலிக் ஏறக்குறைய 0.4 மி.மீ. நீளும்.

"ஒரு அடி ஸ்கேல்" என்று கடையில் கேட்டு வாங்குவது பல நேரம் 30 சென்டிமீட்டர் ஸ்கேல். ஒரு அடி என்பது 304.8 மி.மீ. ஸ்கேலின் 30 சென்டிமீட்டரையே ஓர் அடியாக வைத்து 12 × 18 இன்ச் ஷீட்டில் குறி போட்டால் ஒவ்வொரு அடிக்கும் 4.8 மி.மீ. இழப்பீர்கள்.

மாதிரிப் பத்திரிகையை ஓர் இடத்தில் மட்டும் அளப்பது போதாது. கட்டாக வெட்டும்போது கத்தி காகிதத்தை இழுக்கும். மேல் தாளும் அடித் தாளும் ஒரே அளவில் இருப்பதில்லை. முடிந்தால் மூன்று பிரதி வாங்கி, ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் நீளம், இடமும் வலமும் உயரம் அளந்து, நடுவில் விழும் எண்ணை எடுங்கள். மூலைக்கு மூலை குறுக்காகவும் இரண்டு தடவை அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றானால் மூலைகள் நேர். 180 × 120 கார்டில் அது 216.3 மி.மீ. வர வேண்டும். ஒன்றுக்கொன்று ஒரு மி.மீ.க்கு மேல் மாறினால் அந்த மாதிரியே கோணலாக வெட்டப்பட்டது. அதன் கோணலை நீங்கள் நகல் எடுக்க வேண்டியதில்லை.

கவருக்குள் போகும் கார்டு என்றால் பழைய கார்டை அளப்பதைவிடக் கவரை அளப்பது நல்லது. ஒரு கவரின் ஒட்டைப் பிரித்து விரித்து, மடிப்புக் கோட்டிலிருந்து மடிப்புக் கோடு வரை அளங்கள். வெளிப்புறமாக அளந்தால் ஒட்டும் காகிதமும் சேர்ந்து பொய் சொல்லும். ஒற்றைக் கார்டுக்கு உள்ளளவில் 5, 6 மி.மீ. குறைத்தால் போதும். மடித்த பத்திரிகை, உள்ளே இரண்டு இணைப்புத் தாள், மேலே சந்தனக் குங்குமப் பாக்கெட் என்று அடுக்கினால் தடிமன் அகலத்தைத் தின்னும். இதைக் கணக்கிட்டுப் பார்ப்பதைவிட, அதே ஆர்ட் கார்டில் வெள்ளையாக ஒன்று வெட்டி, எல்லாவற்றையும் உள்ளே வைத்துச் செருகிப் பார்ப்பதே நம்பகமானது.

திரையில் ஒரு பொறி இருக்கிறது. கோரல் காட்டும் அளவில் அவுட்லைன் தடிமன் சேராது. 2 பாயிண்ட் பார்டர் போட்டால் அதில் பாதி வெளியே நிற்கும். இரு பக்கமும் சேர்ந்து 0.7 மி.மீ. கூடும். ஒரு பாயிண்ட் 0.353 மி.மீ. வெட்டுக் கோட்டுக்கு எப்போதும் மிக மெல்லிய ஹேர்லைன் வையுங்கள்.

கடையிலேயே பிரின்ட் எடுத்துச் சரிபார்க்கும்போது பிரின்டர் அமைப்பில் ஃபிட் டு பேஜ் இருந்தால் எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்கும். ஏ4 தாளில் 180 × 250 மி.மீ. பெட்டி ஒன்றை ஆக்சுவல் சைஸில் அச்சடித்து அளங்கள். 20 மி.மீ. பெட்டியில் தெரியாத ஒரு சதவீதத் தப்பு 250-இல் 2.5 மி.மீ. ஆகி வெளியே வந்துவிடும். லேசர் பிரின்டரின் சூட்டில் காகிதம் ஈரம் இழந்து சற்றுச் சுருங்குவதால், நீளத்துக்கும் அகலத்துக்கும் சிறு வேறுபாடு வந்தால் பதற வேண்டாம்.

எழுத்தின் அளவை மட்டும் ஸ்கேலால் நேரடியாகக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். 16 பாயிண்ட் என்பது எழுத்தின் உயரம் அல்ல. ஃபான்டுக்கு ஃபான்ட் "க" சிறுத்தும் பெருத்தும் வரும். வரி இடைவெளியை அளக்கலாம். முதல் வரியின் அடியிலிருந்து பதினோராம் வரியின் அடி வரை அளந்து பத்தால் வகுக்க வேண்டும். 60 மி.மீ. என்றால் வரிக்கு 6 மி.மீ., அதாவது 17 பாயிண்ட். எழுத்தளவுக்கு, அதே வரியைத் தட்டிப் பிரின்ட் எடுத்துப் பழைய பத்திரிகைமேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கூட்டிக் குறைப்பதே வழி.

ஃப்ளெக்ஸ் வேலையிலும் உங்கள் தப்பின் அண்ணன் ஒருவன் உண்டு. 5 அடி 6 இன்ச்சை 5.6 அடி என்று எழுதுவது. 5.6 அடி என்றால் 5 அடி 7.2 இன்ச், ஃபிரேமுக்கு ஒரு இன்ச்சுக்கு மேல் நீண்டுவிடும். முழுவதையும் இன்ச்சாக்கி 66 என்று எழுதுங்கள். டேப்பின் நுனிக் கொக்கி சற்று ஆடுவது பழுது அல்ல. வெளியே மாட்டி இழுக்கும்போதும் உள்ளே முட்டி அளக்கும்போதும் கொக்கியின் தடிமனை ஈடுகட்டவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதைத் தட்டி இறுக்கிவிடாதீர்கள். மதுரை மாசி வீதிப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் கடை முகப்பு சதுரமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் அளந்து, உள்ளே பொருந்த வேண்டிய போர்டுக்குக் குறைந்த எண்ணை எடுங்கள்.

இப்போதைய பத்திரிகையை மறுபடி அனுப்பும்போது ஃபைலோடு அளவையும், ப்ளீட் எனப்படும் வெட்டுக் கோட்டுக்கு வெளியே நீட்டிவிடும் ஓரத்தையும் எழுத்தில் கொடுங்கள்: "வெட்டிய பின் 187 × 120.5 மி.மீ.; நாலு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட், ஃபைல் அளவு 193 × 126.5, எழுத்து வெட்டுக் கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே." ஃபைலின் எண்ணும் தாளின் எண்ணும் மாறினால், பிளேட் போடுவதற்கு முன்பே அச்சகத்திலிருந்து போன் வரும்.