காசு கொடுக்கும் முன்: நாவல் அச்சிடுவோர் கேள்விகள்

சொந்தச் செலவில் நாவல் அச்சிடுவது பற்றி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சில, சுருக்கமாக.

ஐஎஸ்பிஎன் எண் (புத்தகத்தின் அடையாள எண்) வாங்கித் தர 4,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (மண்டபம்)

கூடாது. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

புத்தக அளவு டெம்மியா, கிரவுனா? டெம்மியில் 246 பக்கம் வருகிறது. (கீழக்கரை)

டெம்மி. கிரவுன் அதைவிடச் சிறிய அளவு, பக்கம் கூடும், செலவும் கூடும். ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் 16 பக்கம் ஒரு பாரம். 15 பாரத்துக்கு 240. மிச்ச 6 பக்கத்துக்காக இன்னொரு அரை பாரம் ஓட்ட வேண்டிவரும். காலிப் பக்கங்களை எடுத்து 240க்குள் அடக்குங்கள்.

1,000 பிரதி அடித்தேன். பிடிஎஃப் அனுப்பினார்கள், திறக்காமலே ஓகே சொன்னேன். இப்போது பல எழுத்துகள் கட்டம் கட்டமாக இருக்கின்றன. வழக்குப் போடலாமா? (தேவிபட்டினம்)

எதை வைத்து? ஓகே சொன்னது நீங்கள். உங்கள் நாவலை நீங்களே திறந்து பார்க்கவில்லை என்றால் அச்சகக்காரர் ஏன் பார்க்கப் போகிறார்? அடுத்த முறை டிஜிட்டலில் ஒரே ஒரு பிரதி அடித்து, முழுக்கப் படித்துவிட்டு மிச்சத்துக்குச் சொல்லுங்கள்.

புத்தகம் வந்து ஒரு மாதத்தில் அட்டை வெளிப்பக்கமாகச் சுருள்கிறது. கடற்காற்றுதான் காரணம் என்கிறது அச்சகம். (தொண்டி)

பாதி உண்மை. அட்டையின் வெளிப்புறம் லேமினேஷன், அதாவது பிளாஸ்டிக் படலம், இருக்கிறது, அதில் ஈரம் ஏறாது. உட்புறம் வெறும் அட்டை. அது ஈரத்தைக் குடித்து விரியும். ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாவிட்டால் சுருளத்தான் செய்யும். நம் கடற்கரையில் காற்றில் எப்போதும் ஈரம் இருப்பது அச்சகக்காரருக்குத் தெரியாதா? தெரிந்தும் மெல்லிய அட்டையில் லேமினேஷன் போட்டுத் தள்ளிவிடுகிறார்கள். என் சிறுகதைத் தொகுப்புக்குப் பேசியது 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) அட்டை, வந்தது அதைவிட மெல்லியது. பில்லில் "அட்டை" என்று மட்டும் போட்டிருந்தார்கள், கேட்க வழியில்லாமல் போயிற்று. இன்றும் அந்தப் பிரதிகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதனால் அட்டை எத்தனை ஜிஎஸ்எம், உள்தாள் வெள்ளை மேப்லித்தோவா, மங்கல் மஞ்சள் நேச்சுரல் ஷேடா, பைண்டிங் வெறும் பசையா தையலா, எல்லாம் கொட்டேஷனில் எழுத்தில் இருக்கட்டும். லேமினேஷனுக்குப் பதில் வார்னிஷ் கேளுங்கள். கம்பி அடிக்கிறேன் என்றால் வேண்டாம், இங்கே துருப்பிடித்துத் தாளில் கறை இறங்கும். கட்டுகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்கி, சுவரை ஒட்டாமல் வையுங்கள்.

போன வருடம் ஒரு பதிப்பகத்தில் "பேக்கேஜ்" என்று 65,000 வாங்கினார்கள். 300 பிரதி என்றார்கள், 60தான் வந்தது. நாவலின் உரிமை தங்களுக்கே என்று கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். மீன் கம்பெனியில் வேலை பார்த்துச் சேர்த்த பணம். (தங்கச்சிமடம்)

சகோதரி, நீங்கள் செய்த தவறு எதுவும் இல்லை. வராத 240 பிரதிகளுக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். முதலில் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் உதவி இலவசம். ராமநாதபுரம் போய்க் கேளுங்கள். உரிமை விஷயம்: எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், பதிப்புரிமைச் சட்டப்படி அது 5 ஆண்டுதான். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். ஒப்பந்த நகலை எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுத் தனியாக எழுதுகிறேன்.