அப்பாவின் இறப்புச் சான்றிதழை இன்னொரு மருத்துவர் ஏன் பார்க்கிறார்?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறோம். நெடுநாள் இதயநோயாளியான என் அப்பா சென்ற வாரம் வீட்டிலேயே காலமானார். இறப்புக்கான காரணத்தைக் குடும்ப மருத்துவர் எழுதிவிட்டார். பிறகு ‘மெடிக்கல் எக்ஸாமினர்’ அலுவலகத்திலிருந்து அழைத்து, சிகிச்சையில் ஏதாவது மனக்குறை உண்டா என்று கேட்டார்கள். எங்களைச் சந்தேகிக்கிறார்களா? உடலை அறுப்பார்களா? தகனம் தள்ளிப்போகுமா?

பதில்: அப்பாவை இழந்த வாரத்தில் இப்படியோர் அழைப்பு வந்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். ஆனால் அது சந்தேகத்தால் வந்த அழைப்பு அல்ல. 2024 செப்டம்பர் 9 முதல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கொரோனர் (சந்தேகத்துக்குரிய, இயற்கைக்கு மாறான இறப்புகளை விசாரிக்கும் அதிகாரி) விசாரணைக்குப் போகாத எல்லா இறப்புகளையும் இப்படிச் சரிபார்ப்பது சட்டம். மெடிக்கல் எக்ஸாமினர் அனுபவமுள்ள மருத்துவர். அப்பாவின் சிகிச்சையில் பங்கு இல்லாதவராக இருக்க வேண்டும். அவர் மருத்துவக் குறிப்புகளைப் படிப்பார், சான்றிதழ் எழுதியவரிடம் பேசுவார், குடும்பத்தாரைக் கேட்பார். பிரேதப் பரிசோதனை அவர் வேலையே அல்ல.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் பெரிய துயரம் இருக்கிறது. மான்செஸ்டர் அருகே ஹைட் நகரில் குடும்ப மருத்துவராக இருந்த ஹரால்ட் ஷிப்மன், ஊசி மருந்தால் நோயாளிகளைக் கொன்றுவிட்டு, இயற்கை மரணம் என்று தானே சான்றிதழ் எழுதினார். 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டார். பின்னர் நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணை, கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று கண்டறிந்தது. தகனத்துக்கு இரண்டாவது மருத்துவரின் கையொப்பம் அப்போதும் தேவைப்பட்டது. ஆனால் அவர்கள் ஷிப்மன் சொன்னதை நம்பிக் கையொப்பமிட்டார்கள். வீட்டாரிடம் போய்க் கேட்கும் வழக்கம் இல்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கப்பட்ட அந்த ஒரு கேள்வியை, இந்த முறையின் உயிர்நாடியாக நான் நினைக்கிறேன்.

ஆகவே மனதில் உறுத்துவதை மறைக்காமல் சொல்லுங்கள். அண்மையில் கீழே விழுந்தாரா, மருந்து மாறியதா, ஒருகாலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தாரா? இவற்றில் சில கொரோனருக்குத் தெரிவிக்க வேண்டியவை. அவர் தேவை என்று கருதினால் பிரேதப் பரிசோதனை நடக்கலாம், நாட்களும் கூடலாம். அதற்கு அஞ்சி வாய் மூடிவிடாதீர்கள். அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். தகன வெப்பத்தில் அது வெடிக்கும், முன்பே அகற்றியாக வேண்டும்.

சிக்கல் எதுவும் இல்லையென்றால், மெடிக்கல் எக்ஸாமினர் அலுவலகமே சான்றிதழைப் பதிவாளருக்கு அனுப்பிவிடும். இறப்பைப் பதிவு செய்வதற்கான 5 நாள் கெடு அதன் பிறகுதான் தொடங்குகிறது. பதிவாளர் தரும் பச்சைப் படிவத்தை இறுதிச் சடங்கு நடத்துபவரிடம் கொடுங்கள். இந்தச் சரிபார்ப்புக்குக் கட்டணம் இல்லை. சமய வழக்கப்படி விரைவில் தகனம் செய்ய வேண்டுமென்றால் அலுவலகத்திடம் சொல்லுங்கள், இயன்றவரை விரைவுபடுத்துவார்கள்.

அன்று பதற்றத்தில் எதையாவது சொல்ல விட்டுப்போயிருந்தால், இன்றே அவர்களை மீண்டும் அழையுங்கள்.