போன் பஞ்சாயத்து: அம்முச்சி போனும் பஞ்சாங்க ஆப்பும்

கேள்வி: எங்க அம்முச்சி வேலந்தாவளத்துல தனியா இருக்காங்க. போன் பாலக்காட்டுல வாங்கினது, கடை சேட்டன் எல்லாத்தையும் மலையாளத்துல செட் பண்ணி குடுத்துட்டாரு. அம்முச்சி மலையாளம் பேசுனா அந்த ஊர்க்காரங்களே திரும்பி பாப்பாங்க, ஆனா ஒரு எழுத்து படிக்க தெரியாது, தமிழ் பேப்பர் தான் படிப்பாங்க. எதையோ தொடப்போயி எதையோ தொட்டுட்டு தினமும் எனக்கு போன். ஐகானுக்கு கீழ நம்ம வீட்ல சொல்ற மாதிரியே தமிழ்ல பேர் எழுதி வெக்க முடியுங்களா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: முடியும் அம்மிணி. கொழிஞ்சாம்பாறையில என் கடைக்கு வர்ற பத்து பெரியவங்கள்ல பாதிப்பேருக்கு இதே கதை தான், பேச்சு மூணு பாஷை, படிப்பு ஒரு பாஷை, போன் மட்டும் வேற பாஷை.

மொதல்ல மொத்த போனையும் தமிழுக்கு மாத்துங்க. பல்சக்கரம் மாதிரி இருக்கற செட்டிங்ஸ தொறந்து, மலையாளம் படிக்க தெரிஞ்ச பக்கத்து வீட்டு புள்ளைய கூப்பிட்டு "பாஷ"ன்னு ஆரம்பிக்கற வரிய தேட சொல்லுங்க, அதுக்குள்ள தமிழ சேத்து மேல இழுத்து விட்டா பாதி வேலை முடிஞ்சுது. மீதி பாதி தான் தொந்தரவு. செட்டிங்ஸ் "அமைப்புகள்"னு வரும், கான்டாக்ட்ஸ் "தொடர்புகள்"னு வரும், எங்கம்மா இத பாத்துட்டு "அமைப்புன்னா எந்த கட்சிடா"ன்னு கேட்டாங்க. தமிழ் தான், ஆனா நம்ம வீட்டு தமிழ் இல்ல. தமிழ்ல பேரே குடுக்காத ஆப்புங்க இங்கிலீஷ்லயே தான் நிக்கும்.

அதனால நாமளே பேர் எழுதணும். இங்க தான் ஒரு சிக்கல், முக்காவாசி ஆண்ட்ராய்டு போன்ல கம்பெனி குடுத்த ஹோம் ஸ்க்ரீன் ஐகான நகத்த விடும், போல்டருக்கு பேர் வெக்க விடும், தனி ஆப்போட பேர தொடவே விடாது. சாம்சங்ல குட் லாக் போட்டு அதுல தீம் பார்க்னு ஒண்ணு எறக்குனா ஐகான் படத்த மாத்தலாம், நமக்கு வேண்டியது பேரு. அதுக்கு வேற லாஞ்சர், அதாவது ஹோம் ஸ்க்ரீன காட்டற ஆப், போடணும். நான் போட்டு குடுக்கறது நோவா, 2011-ல வந்தது, 2022-ல கம்பெனி கைமாறுச்சு, பழைய சுறுசுறுப்பு இல்ல, ஆனாலும் இந்த வேலைக்கு இது போதும். புடிக்கலீன்னா ஸ்மார்ட் லாஞ்சர் போடுங்க, அதுலயும் பேர் மாத்தலாம். ப்ளே ஸ்டோர்ல எறக்கி, செட்டிங்ஸ்ல டீஃபால்ட் ஆப்ஸ்க்குள்ள ஹோம் ஆப்னு இருக்கற எடத்துல இத தேர்ந்தெடுத்துட்டு, ஐகான ஒரு நிமிஷம் அமுத்தி புடிச்சா எடிட்னு வரும், அங்க பேரையும் மாத்தலாம் படத்தையும் மாத்தலாம். பழைய ஸ்க்ரீன் எங்கயும் போகாது, ஹோம் ஆப்ப திருப்பி மாத்துனா வெச்சது வெச்சபடி இருக்கும், அதனால பயப்படாம நோண்டுங்க. ரெட்மி போனா இருந்தா வேற லாஞ்சர் போட்டதும் சைடுல இழுக்கற ஜெஸ்ச்சர் பல மாடல்ல வேலை செய்யாது, கீழ மூணு பட்டன் தான் வரும். அம்முச்சிக்கு அது தான் நல்லதுன்னு நான் சொல்லுவேன்.

பேர் வெக்கறப்ப சின்னதா வைங்க. தமிழ் எழுத்து அகலம், "மின்சாரக் கட்டணம்"னு எழுதுனா "மின்சார" வரைக்கும் வந்துட்டு மூணு புள்ளி தான் நிக்கும், "கரண்ட்"னு வெச்சா பளிச்சுன்னு இருக்கும். நோவாவுல ஐகான் லேஅவுட்டுக்குள்ள போனா எழுத்தையும் கொஞ்சம் பெருசாக்கலாம். கேரளாவுல கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, அப்ப மட்டும் தொடற ஆப்போட மூஞ்சி யாருக்கு ஞாபகம் இருக்கும், அதனால இந்த மாதிரி அபூர்வமா எடுக்கறதுக்கு தான் பேர் ரொம்ப முக்கியம். யூட்யூப் ஐகானெல்லாம் அவங்க நம்மள விட வேகமா கண்டுபுடிப்பாங்க, அத விட்ருங்க. இன்னொண்ணு, வெளிய தமிழ்ல பேர் எழுதுனதால ஆப்புக்குள்ள இருக்கறது தமிழாயிடாது, இதையும் முன்கூட்டியே சொல்லி வைங்க, இல்லீன்னா அதுக்கு ஒரு போன் வரும்.

உங்களுக்கு பேச அவங்க எந்த ஆப்பையும் தேடவே வேண்டாம். வாட்ஸ்அப்ல உங்க சாட்ட தொறந்து, மேல மூணு புள்ளி, மோர், ஆட் ஷார்ட்கட். உங்க போட்டோவும் அவங்க போன்ல உங்கள என்ன பேர்ல சேவ் பண்ணியிருக்கோ அந்த பேரும் ஹோம் ஸ்க்ரீன்ல வந்து ஒக்காந்துக்கும். அதனால மொதல்ல கான்டாக்ட்ல "பேத்தி"ன்னு மாத்திட்டு அப்பறம் பண்ணுங்க.

கேள்வி: அண்ணா, என் ஐபோன்ல எல்லா ஐகானையும் லாவெண்டர் கலர்ல மாத்தினேன், ஷார்ட்கட்ஸ்ங்கற ஆப் வெச்சு. சூப்பரா இருக்கு, ஆனா வாட்ஸ்அப்ல எத்தனை மெசேஜ் வந்திருக்குன்னு அந்த சிவப்பு நம்பர் காட்டவே மாட்டேங்குது. ஏன்?
– கல்லூரி மாணவி, சித்தூர், பாலக்காடு

பதில்: நீ வெச்சிருக்கறது வாட்ஸ்அப் இல்ல கண்ணு, வாட்ஸ்அப்ப தொறந்து விடற ஒரு வாட்ச்மேன். ஷார்ட்கட்ஸ்ல ஓப்பன் ஆப் போட்டு, ஆட் டு ஹோம் ஸ்க்ரீன் குடுத்து, உன் படமும் உன் பேரும் வெச்ச பாரு, அது தனி ஐகான், உள்ள வந்த மெசேஜ் கணக்கு அதுக்கு தெரியாது, நம்பர் வராது. 2020-ல ஐஓஎஸ் 14 வந்தப்ப தான் இந்த ஃபேஷன் கெளம்புச்சு, அப்ப இன்னும் மோசம், ஐகான தொட்டா மொதல்ல ஷார்ட்கட்ஸ் தொறந்து அதுக்கப்பறம் தான் ஆப் வரும், அதே டிசம்பர்ல 14.3 வந்து அந்த சுத்தல எடுத்துட்டாங்க, மேல ஒரு சின்ன பட்டை மட்டும் எட்டி பாக்கும்.

உனக்கு கலர் மட்டும் போதும்னா 2024-ல வந்த ஐஓஎஸ் 18-ல இருந்து போன்லயே வசதி இருக்கு. ஸ்க்ரீன்ல காலி எடத்த அமுத்தி புடி, எடிட், கஸ்டமைஸ், டின்டட். நெஜ ஐகானே கலர் மாறும், நம்பரும் வரும். அங்கயே பெரிய ஐகான்னு குடுத்தா கீழ இருக்கற பேரெல்லாம் மறஞ்சிடும். சொந்த படம் தான் வேணும்னு அடம் புடிச்சா மெசேஜ் வராத ஆப்புக்கு மட்டும் ஷார்ட்கட் வெச்சுக்க. அப்பறம் பழைய ஐகான எடுக்கறப்ப ரிமூவ் ஃப்ரம் ஹோம் ஸ்க்ரீன் குடு, டிலீட் ஆப் குடுத்துட்டு ஷார்ட்கட் வேலை செய்யலன்னு கடைக்கு வந்தவங்கள நான் பாத்திருக்கேன்.

கேள்வி: பையன் ஏதோ லிங்க்ல இருந்து தங்க கலர் ஐகான் பேக் எறக்கினான். அது எஸ்எம்எஸ், கான்டாக்ட், அக்சசிபிலிட்டி எல்லாம் கேக்குது. குடுக்கலாமா?
– பால் வியாபாரி, மீனாட்சிபுரம்

பதில்: குடுக்காதீங்க, இப்பவே எடுத்து போடுங்க. ஐகான் பேக்ங்கறது வெறும் படம், படத்துக்கு எதுக்குங்க உங்க எஸ்எம்எஸ், அதுல தான பேங்க் ஓடிபி வருது. லாஞ்சர் நோட்டிபிகேஷன் பர்மிஷன் கேட்டா அதுல ஞாயம் இருக்கு, நம்பர் காட்டணும்ல. ரெண்டு தடவ தட்டுனா ஸ்க்ரீன் லாக் ஆகறதுக்கு சில லாஞ்சர் அக்சசிபிலிட்டியும் (ஸ்க்ரீன்ல இருக்கறத பாத்து நமக்கு பதிலா தொடற அனுமதி) கேக்கும், அந்த வசதி வேண்டாம்னா அதையும் குடுக்க வேண்டாம். ஏற்கனவே எல்லாம் குடுத்து பணமும் போயிருந்தா ஒடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-க்கு கூப்பிடுங்க, நாளைக்கு பாத்துக்கலாம்னு விடாதீங்க.

கேள்வி: நான் பொள்ளாச்சி கோபாலபுரம் பக்கம். பேர் வேண்டாம். லாட்டரி ரிசல்ட் ஆப்புக்கு "பஞ்சாங்கம்"னு பேரும் பிள்ளையார் படமும் வெச்சிருந்தேன். அப்படியும் வீட்ல மாட்டிக்கிட்டேன். எப்படி?
– வாசகர்

பதில்: தமிழ்நாட்டுல 2003-லயே லாட்டரிய நிறுத்திட்டாங்க, கேரளாவுல 1967-ல ஆரம்பிச்ச டிபார்ட்மென்ட் இன்னும் ஜோரா நடக்குது, நடுவுல ஒரு செக்போஸ்ட் தான், உங்க நெலம புரியுது.

நீங்க மாத்துன பேரு லாஞ்சர் தன் நோட்டுல எழுதி வெச்சுக்கற பேரு, அவ்ளோ தான். ஆப்புக்கு அது தெரியாது, அதோட சொந்த பேர் அதுக்குள்ளயே இருக்கு. அதனால நோட்டிபிகேஷன் வந்தாலும் செட்டிங்ஸ்ல ஆப் லிஸ்ட்ட பாத்தாலும் பழைய பேர் தான். டெய்லி குலுக்கல் 3 மணிக்கு, அதுக்கப்பறம் உங்க பஞ்சாங்கம் லாட்டரின்னு கத்தியிருக்கும். செட்டிங்ஸ்ல அந்த ஆப்போட நோட்டிபிகேஷன ஆஃப் பண்ணலாம், ஆனா வீட்டுக்காரம்மா பாத்ததுக்கு அப்பறம் ஆஃப் பண்ணி என்ன ஆகப்போகுது. அதுவும் இல்லாம தினம் 3 மணிக்கு பஞ்சாங்கம் பாக்கற ஆள எந்த ஊர்லங்க நம்புவாங்க, காலையில பாக்கறதா சொல்லியிருந்தாலாவது ரெண்டு மாசம் ஓடியிருக்கும்.